பட்டில் சுற்றிய வெள்ளைக் காகிதம்

போன வாரம் விஜயதசமியன்று காலையில், ஐந்து பேருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நாடகம் வாசித்தேன். கையில் காகிதம் இருந்தது. காகிதத்தில் நாடகம் இல்லை.

முதல் சில தாளைத் தாண்டினால் ஓர் எழுத்துக்கூட இல்லை. சுத்த வெள்ளை.

இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில், வேலையைத் தள்ளிப் போடுகிறவர்களை வெளுத்து வாங்கியிருந்தேனே... நினைவிருக்கிறதா? அதைப் படித்த அன்றைக்கே, வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த சமையலறை ஓட்டை மாற்றிவிட்டதாக நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் நன்றிக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பேனா நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கரமனையில் எங்கள் தெருவில் நீலகண்டன் என்று ஒரு நண்பர். என் வயதுதான், நாற்பத்தைந்து. சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். எங்கள் சபாவில் இருபது வருஷமாக நடிக்கிறார். நடிக்கிறார் என்றால்... சேவகன், தூதன், ஒரு வருஷம் ஆள் கிடைக்காமல் ராணியின் தோழி. இருபது வருஷத்தில் அவர் மேடையில் பேசிய மிக நீளமான வசனம், "மகாராஜா, வெளியே ஒரு முனிவர் காத்திருக்கிறார்" என்பதுதான். மற்ற நேரமெல்லாம் திரை ஓரத்தில் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பார். எல்லாருடைய வசனமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாடகம் முடிந்து, வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்த அவரிடம் நான் வாயைக் கொடுத்தேன். உமக்காகவே ஒரு நாடகம் எழுதப் போகிறேன், நீர்தான் கதாநாயகர், ராஜாவும் இல்லை மந்திரியும் இல்லை, ஒரு சாதாரண ஸ்டேஷன் மாஸ்டர் என்றேன். முகத்தில் பாதிச் சாயத்தோடு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதைப் பார்த்த பிறகாவது நான் அன்றைக்கே வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

உட்கார்ந்தேன். இல்லையென்று சொல்லக் கூடாது. முதல் காட்சியை எழுதினேன். ஸ்டேஷன் மாஸ்டரின் பெண், சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவர் தினமும் சாயங்கால ரயிலில் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். நன்றாகத்தான் வந்திருந்தது. அதனால் அதைத் திருத்தினேன். மறுபடி திருத்தினேன். ஆறு வருஷத்தில் முதல் காட்சியைப் பதினொரு தடவை எழுதினேன். பாத்திரங்களின் பெயரையெல்லாம் சிவப்பு மையில் தனித் தாளில் எழுதினேன். இரண்டாம் காட்சிக்கு மட்டும் நாள் வாய்க்கவில்லை. மழையாக இருந்தால் வெளிச்சம் போதாது. வெயிலாக இருந்தால் தலைவலி. எல்லாம் சரியாக இருந்தால், அலமாரியை ஒழுங்கு பண்ணாமல் எப்படி எழுதுவது? அன்றைக்கு அலமாரி ஒழுங்காகும்.

நீங்கள் கேட்கலாம்: இந்தப் பத்தி மட்டும் வாராவாரம் எப்படி வருகிறது? எப்படி என்றால், ஆசிரியர் தந்தி அடிக்கிறார். நீலகண்டன் தந்தி அடிக்க மாட்டார். வழியில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். கேட்டால், "சாரமில்லை ஓய், வர்றபோது வரட்டும்" என்பார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தச் சொல்லை நம்பி ஆறு வருஷம் ஓட்டியவன் திருவனந்தபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த ஆவணி மாதம் அவருக்குத் தேவிகுளத்துக்கு மாற்றல் வந்தது. மலை, குளிர், அட்டை. அங்கே சபா ஏது, மேடை ஏது? மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடித் தீபாவளி முடியும் வரைக்கும் தவணை வாங்கினார். சபா காரியதரிசி மகாதேவன் என்னிடம் வந்து கண்டிப்பாகச் சொன்னார்: தீபாவளிக்கு மறுநாள் நாடகம். விஜயதசமிக்குள் உம்முடையது கைக்கு வந்தால் அதைப் போடுகிறோம். இல்லாவிட்டால் வழக்கமான புராண நாடகம்தான். அதாவது நீலகண்டனுக்கு வழக்கமான முனிவர்தான் வெளியே காத்திருப்பார்.

நான் என்ன சொன்னேன்? நாடகம் முடிந்துவிட்டது, சுத்தப் பிரதி எழுதுவதுதான் பாக்கி என்றேன். நாக்கு கூசவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

அதைக் கேட்ட சாயங்காலமே நீலகண்டன் எண்பது தாள் நல்ல வெள்ளைக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். இந்த யுத்த காலத்தில் காகிதம் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். பழைய கவரைத் திருப்பி ஒட்டிக் கடிதம் போடுகிறோம். யுத்தத்துக்கு முன்பு, தம் பெண்ணின் பாட்டு நோட்டுக்காக வாங்கி வைத்திருந்த காகிதம் அது. எனக்குக் கொடுத்துவிட்டார். அதன்மேல் கை வைத்தாலே வழவழவென்று இருக்கும். தினமும் கை வைத்துப் பார்த்தேன். அது ஒன்றைத்தான் செய்தேன்.

இப்படியே துர்காஷ்டமி வந்துவிட்டது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அஷ்டமி சாயங்காலம் வீட்டிலுள்ள புத்தகம், நோட்டு, பேனா எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிடுவோம். பூஜை வைப்பு என்று பெயர். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரைக்கும் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. வைத்ததைத் தொடவும் கூடாது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டுக் கூத்தாடியவர்கள்தானே நாம் எல்லாரும்?

அன்று சாயங்காலம் நீலகண்டன் பிரதியை வாங்கிப் போக வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணியிலிருந்து வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நாலரைக்கு அந்த யோசனை வந்தது. முதல் காட்சியை மேலே வைத்தேன். அதன் கீழே அவர் கொடுத்த எண்பது வெள்ளைத் தாளையும் வைத்தேன். என் மனைவி விசாலத்தின் பழைய பட்டுத் துண்டில் சுற்றி, நூலால் கட்டி, பூஜையில் வைத்துவிட்டேன். பேனாவையும் கூடவே வைத்தேன். அவர் வந்ததும், "அடடா, பூஜையிலே வெச்சாச்சே!" என்றேன்.

அவர் கட்டைப் பார்த்தார். அதன்மேல் ஒரு பூவை வைத்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து நமஸ்காரம் பண்ணினார்.

எனக்கு அப்போதே பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம் போலிருந்தது. ஆனால் போகவில்லை. சுண்டல் சாப்பிட்டேன். அதைவிட மோசம் என்னவென்றால், அடுத்த நாள் முழுக்க எனக்குச் சுகமாக இருந்தது. எழுதக் கூடாது என்று தெய்வமே உத்தரவு போட்டிருக்கிறதே! ஆறு வருஷத்தில் மனசாட்சி உறுத்தாமல் எழுதாமல் இருந்த ஒரே நாள் அதுதான்.

விஜயதசமி காலையில் சீக்கிரம் எழுந்து பூஜை எடுத்துவிட்டு, கொஞ்சம் மெருகு பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்பது என் திட்டம். கதவைத் திறந்தால் வாசலில் மகாதேவன், குளித்து விபூதி இட்டுக்கொண்டு. கூட இரண்டு நடிகர்கள். பின்னால் நீலகண்டன்.

பூஜை எடுத்தவுடன், வைத்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். இந்தப் பாதியை நான் மறந்தே போயிருந்தேன். விசாலம் மறக்கவில்லை. பட்டைப் பிரித்துக் கட்டை என் கையில் கொடுத்தாள். "வாசியுங்கோ. நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

எதிரே பாயில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். விசாலம் தூணோரம் நின்றாள். நீலகண்டன் மட்டும் எதிரே இடமிருந்தும் அங்கே உட்காராமல், என் பக்கத்தில் வந்து தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். போச்சுடா என்று நினைத்தேன்.

முதல் காட்சியை வாசித்தேன். பதினொரு தடவை எழுதியதாயிற்றே, கேட்பானேன்? மகாதேவன் தொடையில் தட்டினார். "மேலே, மேலே" என்றார். நான் தாளைப் புரட்டினேன்.

வெள்ளை.

அந்த ஒரு விநாடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனுஷன். சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தேன். சாயங்கால ரயில் வருகிறது என்றேன். எல்லாரும் இறங்குகிறார்கள். கடைசியாக அந்தப் பெண் இறங்குகிறாள். அப்பா எதிரே நிற்கிறார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கையை நீட்டி, "டிக்கெட்?" என்று கேட்கிறார்.

எங்கிருந்து வந்தது இது? எனக்குத் தெரியாது. விசாலம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை... நான் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. தாளைப் புரட்டியது. நீலகண்டனின் கை! ஒரு பக்கம் முடிய எவ்வளவு நேரம் ஆகுமோ, கணக்காக அவ்வளவு நேரம் விட்டு, அடுத்த வெள்ளைத் தாளையும் புரட்டினார். அதற்கடுத்ததையும். எதிரே இருந்தவர்களுக்குக் காகிதம் தெரியாதபடி தோளை ஒரு சாய்ப்புச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் ஆனதும், என் குரல் தடுமாறுவதைக் கண்டு, "மதி, போதும். பாக்கியை ரிகர்சல்லே கேக்கலாம்" என்று நிறுத்திவிட்டார்.

மகாதேவன் நாடகத்தை உறுதி செய்துவிட்டு, மற்றவர்களோடு இலையில் போய் உட்கார்ந்தார். நாங்கள் இருவர்தான் கூடத்தில். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. எப்போது தெரிந்தது என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"அஷ்டமி அன்னிக்கே. பூ வெக்கறச்சே கையை வெச்சுப் பார்த்தேன். எழுதின காகிதம்னா உப்பும் ஓய். இருபது வருஷமா அதைத்தானே தூக்கிண்டிருக்கேன். உம்ம கட்டு, நான் தந்த மாதிரியே தட்டையா இருந்தது."

"தெரிஞ்சுமா நமஸ்காரம் பண்ணினீர்?"

"எழுதினதுக்கு எதுக்கு நமஸ்காரம்? அதான் எழுதியாச்சே. எழுதாததுக்குத்தான் வேண்டியிருக்கு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லிப் பிழைத்திருப்பேன். அவரோ பூஜையிலிருந்து எடுத்த என் பேனாவை மையில் தோய்த்து, மறந்து போவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஓரிடத்தில் நான் மாற்றப் பார்த்தேன். "இல்லை, நீர் இப்படித்தான் சொன்னீர்" என்று மேலே எழுதினார். ஆறு வருஷமாக எனக்கு வராத இரண்டாம் காட்சி, அரை மணியில் முத்து முத்தாக அவர் கையெழுத்தில் வந்துவிட்டது.

அப்புறம் நான் யோசித்துப் பார்த்தேன். நமக்கு நேரமா இல்லை? வெளிச்சமா இல்லை? சும்மா! எழுதாத வரைக்கும் என் நாடகம் திருவனந்தபுரத்திலேயே மிகச் சிறந்த நாடகம். அதில் ஒரு குறை சொல்ல யாராலும் முடியாது. எழுதினால்தான் அது என்னுடைய நாடகமாகிவிடும், என் அளவுக்குத்தான் இருக்கும். அந்தப் பயத்துக்கு நான் வைத்த பெயர்கள்தான் மழை, வெயில், அலமாரி. என் பயத்துக்கு ஆறு வருஷம் வாடகை கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் தேவிகுளத்துக்குப் படுக்கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து தினமும் ஆபீஸுக்கு முன்னால் அவர் வருகிறார். நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். ரிகர்சலும் நடக்கிறது. சேவகனாக நின்று நின்று அவருக்கு முதுகு கொஞ்சம் வளைந்தே இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டராக நிமிர்ந்து நிற்கிறபோது பார்க்க வேண்டும். கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. அப்பா பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற காட்சி. அதை மட்டும் நானே தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னேன். நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன். எதை? இந்தப் பத்தியை.

வெளியே கூடத்தில் பேனாவும் மைக்கூடுமாக நீலகண்டன் காத்திருக்கிறார். கடைசிக் காட்சி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.