மருமகளின் சுவரில் நான்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் இருக்கும் தமிழர்களில் கலை தெரிந்தவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. புதன்கிழமைகளில் அங்கே இருப்பவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து நகரத்துக் கலைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை வாசித்துவிட்டு, திரும்பும் வழியில் அதையே என் கருத்தாக எடுத்து விடுவேன். பாவம், அவர்களால் எழுந்து போக முடியாது. இந்த ஞானத்தை மூலதனமாக வைத்துத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் நவீன ஓவியம் பற்றி ஐந்து வருடம் தொடர்ந்து எழுதினேன். ஆறாவது வருடம் அந்தப் பக்கத்தை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு, அதே கலைக்கூடத்தில் பிரெஞ்சு பேசும் நாடுகளின் இளம் கலைஞர்கள் காட்சி வைக்கப்போகிறார்கள், அதில் ஒருத்தி பாரிஸில் இருக்கும் என் தங்கையின் மகள் என்று தெரிந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. வேலையிடத்தில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். பல் வைத்தியரிடம், வாயில் கருவி இருக்கும்போதே சொல்லப் பார்த்தேன். "அவளுக்குக் கலை ஆர்வம் வந்ததே என்னாலதான்" என்ற வரியையும் எல்லா இடத்திலும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன்.

அதில் பாதி உண்மை. சின்ன வயதில் அவள் கீறிய படங்களையெல்லாம் எனக்குத்தான் அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைப்போம். கலைஞர் யாருக்கும் பயப்படக் கூடாது, மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அளப்பேன். மற்றப் பாதியை நான் யாருக்கும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவள் என்னோடு மனம் விட்டுக் கதைத்ததில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். பழைய மாமாவாக அவள் என்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கண்காட்சி அதற்கு ஒரு சாட்டு.

அவள் ஏன் விலகினாள் என்பதும் எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் அவளுக்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். பெண் பெரியவளானதை ஊரைக் கூட்டிக் கொண்டாடும் அந்த விழாவை ஊரில் செய்ததை விடப் பத்து மடங்காகப் பாரிஸில் செய்வார்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, எனக்கு இது வேண்டாம். வெக்கமா இருக்கு. அம்மாட்டச் சொல்லுங்கோ, நீங்கள் சொன்னாக் கேப்பா."

"நீ யோசிக்காதை. நான் கதைக்கிறன்" என்றேன்.

கதைக்கத்தான் எடுத்தேன். தங்கை முந்திக்கொண்டாள். "அண்ணை, நீங்கள்தானே தாய்மாமன், நீங்கள் அவளின்ர தலையில பாலறுகு வைக்காட்டிச் சடங்கு ஒண்டும் நடக்காது. பட்டு வேட்டி உங்களுக்கும் எடுத்திட்டன்" என்றாள். கலைஞனின் துணிவு பற்றி அவ்வளவு பேசியவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "என்ன கரை?"

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கலை தெரிந்தவன் அல்லவா, படப்பிடிப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். அவளைத் தாமரைப் பூவுக்குள் இருத்தலாம், பின்னால் நீர்வீழ்ச்சி ஓடலாம், ஒரு படத்தில் அவளே ஏழு பேராக நிற்கலாம் என்ற யோசனைகள் எல்லாம் என்னுடையவை. அவள் குனிந்தபோதெல்லாம் இரண்டு விரலால் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, "இஞ்ச பார், சிரி" என்று சொன்னவனும் நான்தான்.

கண்காட்சித் திறப்பு நாளுக்கு டெனிஷ்காரர் வைன் கிண்ணத்தோடு வந்தார்கள். நாங்கள் பதினெட்டுப் பேர், இரண்டு வான் வண்டிகளில், நூற்றியிருபது மட்டன் ரோல்ஸோடு போனோம். என் கையில் பொன்னாடை. மேடை ஏறும் எவரையும் போர்த்தாமல் இறக்கிவிடுவது எங்கள் ஆட்களுக்கு ஆகாது. கலைக்கூடத்துப் பெண்மணி ரோல்ஸ் தட்டுகளைப் பார்த்து இதுவும் ஒரு படைப்பா என்று கேட்டார். இல்லை, சாப்பாடு என்றேன். அன்று நான் சரியாகச் சொன்ன ஒரே கலை விமர்சனம் அதுதான்.

உள்ளே போனோம். முதல் சுவர் முழுக்கச் சாமத்திய வீட்டு அல்பம். ஒவ்வொரு பக்கத்தையும் ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து ஒட்டியிருந்தாள். ஆனால் எல்லாப் படத்திலும் தன்னை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தாள். தாமரைப் பூ இருந்தது, உள்ளே வெள்ளைச் சுவர். ஆராத்தி எடுக்கும் பெண்கள் வெறும் ஓட்டைக்கு ஆராத்தி எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே, மற்றவற்றை விடப் பெரிதாக, பட்டு வேட்டி கட்டிய ஒருவர் இரண்டு விரலால் இல்லாத ஒரு நாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, இது நீங்களெல்லே?" என்றாள் மனைவி.

"ஓம்."

"அப்பவே உங்களுக்கு வயிறு இவ்வளவு வண்டி வச்சிட்டுதே?"

எனக்குப் பின்னால் பதினேழு பேரும் கிசுகிசுத்தார்கள். எங்கள் மானம் கப்பலேறிவிட்டது என்று ஒருவர் சொன்னார். கலைக் கட்டுரை எழுதியவன் ஏதாவது விளக்கம் சொல்வான் என்று சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கம்போல் சுவர்க் குறிப்பை வாசித்தேன். "கலைஞர், குடும்ப அல்பம், கத்தரி" என்று மட்டும் இருந்தது. அதை வைத்து ஒரு கருத்தும் சொல்ல முடியாது.

எதிர்ச் சுவரைக் கண்டதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. அங்கே அவள் பாரிஸில் படித்த பள்ளிக்கூடத்துப் படங்கள். அவற்றிலும் அவள் இல்லை; கீழே கதையை மட்டும் எழுதியிருந்தாள். எல்லோரும் இங்கே ஒன்றுதான், வித்தியாசம் பார்ப்பதில்லை என்று சொல்லித்தரும் பள்ளிக்கூடம். கலாசார நாளில் மட்டும் சேலை உடுத்து வரச்சொல்லி முன்வரிசையில் நிற்க வைப்பார்களாம். பாரிஸ் ஆஸ்பத்திரியில் பிறந்தவளிடம் ஓவிய வகுப்பு ஆசிரியை "உன் கிராமத்தைக் கீறு" என்றாராம். ஓட்டையின் தோளில் கை வைத்து ஆசிரியை அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். மாட்டிக்கொண்டவன் நான் மட்டும் இல்லை என்பதில் அவ்வளவு நிம்மதி.

பிறகு மருமகள் ஒலிவாங்கியில் ஆங்கிலத்தில் பேசினாள். முதலில் பாரிஸில் அல்பச் சுவரை மட்டும்தான் வைத்தாளாம். வந்தவர்கள் கையைப் பிடித்து, "தப்பி வந்துவிட்டாய், தைரியசாலி" என்று கண் கலங்கினார்களாம். "எங்கிருந்து தப்பினேன்? நான் இன்னும் அம்மாவோடுதான் இருக்கிறேன். அவர் சமைத்ததைத்தான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்" என்றாள். அதனால்தான் இரண்டாவது சுவரைச் செய்தாளாம். அதைக் கண்டதும் அதே ஆட்கள், பிள்ளைக்குக் கொஞ்சம் கசப்பு வந்துவிட்டது என்றார்களாம். அவரவர் அடுத்தவர் சுவருக்கு மட்டும் கைதட்டுகிறார்கள் என்றாள். டெனிஷ்காரர் இரண்டு சுவருக்கும் தாராளமாகக் கைதட்டினார்கள். இரண்டிலும் அவர்கள் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடச் சுவருக்குத் தட்டினோம். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினேன்.

தட்டிய கையோடு பொன்னாடையை எடுத்துக்கொண்டு முன்னே போனேன். யோசித்துச் செய்த காரியம் என்று சொல்ல மாட்டேன். யோசித்திருந்தால் போயிருக்கவே மாட்டேன். போர்த்தினேன். எங்கள் ஆட்கள் போனை உயர்த்தினார்கள். அவள் கொஞ்சம் குனிந்தாள். நான் இரண்டு விரலால் அவள் நாடியைத் தூக்கி, "இஞ்ச பார்" என்றேன்.

மண்டபத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் நிகழ்த்துகலை என்று நினைத்துக் கைதட்டக்கூடச் செய்தார்கள். கலைக்கூடத்துப் பெண்மணி, "பிரமாதம், ஒத்திகை பார்த்தீர்களா?" என்று கேட்டார். என் விரல் இன்னும் அவள் நாடியில் இருந்தது. அவள் மெதுவாக என் கையை எடுத்துவிட்டு, பொன்னாடையை மடித்தாள்.

கூட்டம் ரோல்ஸ் பக்கம் நகர்ந்தது. அவள் யன்னல் ஓரத்து வாங்குப் பலகையில் தனியே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். இரண்டு சுவரும் சேர்ந்து நிற்பது எவ்வளவு ஆழமான உத்தி என்று ஆரம்பித்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் எனக்கே என் குரல் பிடிக்காமல் போய் நிறுத்தினேன்.

"என்னில கோவமே, பிள்ளை?" என்றேன்.

"அம்மாவில எனக்குக் கோவமில்லை, மாமா. அவவுக்கு என்ர மனம் தெரியாது. ரீச்சருக்கும் தெரியாது." அவள் முகத்தைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்."

வேட்டி, தங்கை, ஊர் வாய் என்று சொல்வதற்கு ஆயிரம் காரணம் வரிசையில் நின்றது. ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஓம். தெரியும்" என்றேன்.