மாத்திரை போட்டால்தான் ஊசி

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் மனைவி அக்குபங்சர் சிகிச்சை செய்கிறாள். பெயர்ப்பலகை வைத்த அன்று, "தைராய்டு, சுகர் குணமாகும்னு போடுங்கக்கா, கூட்டம் அள்ளும்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். அவள் 'வலி, தூக்கமின்மை' என்று மட்டும் எழுதச் சொன்னாள். பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதை வெட்டியே பழகிய எனக்கு, அந்தப் பலகையில் வெட்ட ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

செல்லூர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் கழுத்து வலிக்காக வந்துகொண்டிருந்தார். தைராய்டு சுரப்பு குறைவு. அதற்குத் தினமும் மாத்திரை. சில வாரங்களில் வலி குறைந்தது, தூக்கமும் வந்தது.

"காலுல குத்துனா தலைக்கு எப்படிக்கா தூக்கம் வருது?"

"ஊசி பட்டதும் நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகுது. வலிய அமத்துற சுரப்பு மூளைக்குள்ளயே இருக்கு, அத ஊசி தூண்டுதுன்னு சொல்றாக. படபடப்பு ஹார்மோனும் கொறையலாம்ங்கிறாக, ஆனா அது இன்னும் முடிவாகல."

"அப்ப தைராய்டும் சரியாயிரும்?"

"அதுக்கு மாத்திரைதான். ஊசி அதச் சுரக்க வைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார். ஆனால், ஊசி போட ஆரம்பித்தால் மாத்திரையைத் தொடக்கூடாது என்ற பேச்சு இந்தப் பக்கம் நிறைய உண்டு.

சித்திரையில் ஒருநாள் கணவரோடு வந்தவர், குளிருகிறது, ஃபேனை நிறுத்துங்கள் என்றார். மதுரையில் அந்த மாதத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. முகம் உப்பியிருந்தது, குரல் கரகரத்தது. நாடி பார்த்த என் மனைவி ஊசிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"மாத்திரை போடுறீங்களா?"

கணவர்தான் பதில் சொன்னார். "ரெண்டும் ஒண்ணா ஆகாதாம்ல? நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சுக்கா."

"மொதல்ல டாக்டரப் பாத்து ரத்த டெஸ்ட் எடுங்க. அதுவரைக்கும் ஊசி கிடையாது."

"ஒங்க வைத்தியத்துல ஒங்களுக்கே நம்பிக்க இல்லையாக்கா?"

"இருக்கு தம்பி. எதுவரைக்கும்னும் தெரியும், அம்புட்டுத்தான்."

"அப்ப வேற எடம் பாத்துக்கிறோம்."

"எங்க வேணாலும் போங்க. மாத்திரையப் போட்டுட்டுப் போங்க."

காத்திருந்த இன்னொருவரும் எழுந்து அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். என் மனைவி அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாள். தெரிந்தது முடியும் இடத்தில் பேச்சையும் முடித்துக்கொள்பவர்களை என் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை. அவளைக் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்று வந்த பெருமையை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தார். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் நன்றாகத் திட்டி, மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னாராம். கழுத்து வலிக்கு ஊசி வேண்டும் என்று உட்கார்ந்தவர், பக்கத்தில் புதிதாக வந்திருந்த அம்மாவிடம் திரும்பினார்.

"மாத்திரைய நிப்பாட்டிட்டு வந்திருந்தா இப்பவே கெளம்பிருங்க. இந்தக்கா வெரட்டி விட்ருவாக."

அந்த அம்மா பையைத் திறந்து, தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.