சபைக்கு ஒரு ஆபீஸ்

என் வீட்டுக்காரர் பாஸ்டர். ரெட்டியார்பாளையத்தில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. போன மழைக்காலத்தில் அவருக்குப் பியூரிட்டன் பைத்தியம் பிடித்தது. பியூரிட்டன்கள் என்றால் நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த கறார்ப் பேர்வழிகள். மணற்கடிகாரம் ஓடி முடிந்தால் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்வார்களாம். என் வீட்டுக்காரருக்குக் கடிகாரமே வேண்டாம், தானாக ஓடுவார்.

அந்தப் பழைய பிரசங்கங்களைச் செல்போனில் இறக்கி, தாழ்மையும் சபையின் கடமைகளும் பற்றிய ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தார். "நான் புழு, நான் தூசி" என்று அவர் முழங்க, சபையே அழுதது. அழுதுகொண்டே ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். புழு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறதாம்!

வினை பிற்பாதியில் வந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷில் ஆபீஸ் என்றால் கடமை. மனுஷன் அகராதியைத் தொடாமல், "சபைக்கு ஆபீஸ் வேண்டும், அதை அசட்டை செய்கிற சபைக்கு ஐயோ!" என்று அடித்துவிட்டார்.

ஆராதனை முடிந்த கையோடு கமிட்டி கூடியது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் இருக்கிறார், கத்தோலிக்கராகப் பிறந்து எங்கள் சபைக்கு வந்தவர். "பிரெஞ்சுல ஒஃபீஸ்னா பூசைங்க. இன்னொரு ஆராதனை வைக்கச் சொல்றாரு ஐயா" என்றார். இன்னொன்றா, ஆளை விடு சாமி என்று எல்லோரும் அவர் வாயை அடைத்தார்கள். செயலாளர் முகம்தான் மலர்ந்தது.

"ஏசி, சுத்துற சேரு, வாசல்ல பேர் போட்ட போர்டு. எடந்தான் பின்னாடி இருக்கே. அந்த ரூம காலி பண்ணிடலாம்."

அந்த ரூமில் ஒரு விதவை குடியிருந்தாள். வீராம்பட்டினத்துக்காரி, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்றுப் பிழைத்தவள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் மகன் கைவிட்டான், நாங்கள் கூட்டிவந்தோம். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அந்த இங்கிலீஷை நானே படித்தேன். ஆபீஸ் என்ற சொல்லுக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது: விதவைகளைத் தாங்குவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது. மறு ஞாயிறு கமிட்டியில் எழுந்து நின்றேன்.

"ஆபீஸ்னா கடமைங்க. விதவையக் காப்பாத்துறதுதான் ஆபீஸ். அவங்கள வெளிய தள்ளிட்டு யாருக்கய்யா ஆபீஸ் தொறக்கப் போறீங்க?"

என் வீட்டுக்காரர் பைபிளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"சரிங்க பாஸ்டரம்மா, கடமைதான், ஒத்துக்கறேன். அந்தக் கடமைய எங்க உக்காந்து செய்யறது?"

கட்டையால் அடித்தாலும் தகும். விடுவிடுவென்று வெளியே போனேன். குழாயடியில் அந்த விதவை கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூட்டை.

"இன்னாக்கா இது?"

"நானே காலி பண்ணிட்டேம்மா. தாழ்ந்து போங்கன்னு அன்னிக்கி ஐயா சொன்னாரே. எனக்குத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்."

"ஒனக்கில்லக்கா, எங்களுக்கு! அது எங்களுக்குச் சொன்னது அக்கா!" என்று கத்திவிட்டேன். அழுகை முட்டியது.

வீட்டுக்காரர் என் பின்னாலேயே வந்திருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறது. கமிட்டி வாசலில் நின்று பார்க்க, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் ரூமுக்கு நடந்தார்.

"மெதுவா எறக்குங்கய்யா" என்று அவள் பின்னாலேயே போனாள். "உள்ள மீன் கொழம்புச் சட்டி இருக்குது."