தள்ளாமல் கிளம்ப வேண்டிய மோட்டார்

சித்தப்பாவின் மோட்டார் மாதத்தில் ஒரு நாள் ஓடியது. மற்ற நாட்களில் கொட்டகையில் கித்தான் போர்த்தி நின்றது. அவர் வக்கீல். கோர்ட்டுக்கு டிராமில் போய் டிராமில் வருவார். மோட்டார் சித்திக்காக மட்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அதில் ஏறி அடையாற்றுக்குப் போய்த் தன் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள்.

சித்தி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். ஜட்காவில் ஏறிக் காலை மடக்கி உட்கார அவளால் ஆகாது. பஸ்ஸின் படி அவளுக்கு உயரம். மிச்சம் இருந்தது கைரிக்ஷா. கதர் கட்ட ஆரம்பித்த வருஷத்திலேயே, மனுஷன் இழுக்கிற வண்டியில் ஏறுவதில்லை என்று அவள் சங்கல்பம் செய்துகொண்டுவிட்டாள்.

இதனால் மோட்டாருக்கு ஒரு சங்கடம் வந்தது. மாதம் முழுக்க நின்ற வண்டியில் பாட்டரி இறங்கிவிடும். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். அது ஒரு தடவை எதிர்த்து அடித்ததில் சித்தப்பாவின் மணிக்கட்டு பிசகி, அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. நான் சுழற்றினால் அசையாது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் கிளம்பும். ஆனால் சித்தி வண்டியை விட்டு இறங்கிவிடுவாள்.

"இழுத்தா என்ன, தள்ளினா என்ன? ரெண்டும் மனுஷாதானே?" என்பாள்.

"நீ இறங்கிண்டுட்டா காலி வண்டியைத்தானே தள்ளறா?" என்று சித்தப்பா ஒரு தடவை வாதாடினார்.

"எனக்காகத்தானே தள்ளறா?"

வக்கீல் தன் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மயிலாப்பூரில் குடியிருந்த வரை இதற்குச் சித்தப்பா ஒரு வழி வைத்திருந்தார். ஒரு பலகையில் கார்பன் இழை விளக்குகள் சிலவற்றை வரிசையாகப் பொருத்தியிருந்தார். வீட்டு மின்சாரம் அந்த விளக்குகள் வழியாக வந்து பாட்டரிக்குள் போய்ப் பிறகு திரும்ப வேண்டும். நேராக விட்டால் பாட்டரி பொசுங்கிவிடும். விளக்குகள் அதை வடிகட்டிக் கொஞ்சமாக அனுப்பும். எந்தக் கம்பி எந்த முனைக்கு என்று தெரிந்துகொள்ள, அதே விளக்குகள் வழியாக வரும் இரண்டு கம்பி நுனிகளையும் உப்புத் தண்ணீர் டம்ளரில் விடுவார். ஒரு நுனியில் குமிழி பொங்கும், மற்றதில் சும்மா பெயருக்கு வரும். பொங்குவது நெகடிவ். நான் அப்போது ஒரு பத்திரிகை ஆபீஸில் புரூஃப் பார்த்துக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்தக் குமிழிகளைப் பார்ப்பதற்கென்றே சீக்கிரம் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை ஒரு டம்ளர் காட்டிக்கொடுத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு தியாகராய நகரில் புது வீட்டுக்குக் குடிபோனோம். பலகையும் வந்தது. சித்தப்பா அதை மோட்டார்க் கொட்டகைச் சுவரில் மாட்டினார். எந்தக் கம்பி எது என்று பழைய வீட்டிலேயே நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்ததால் டம்ளர் சோதனை செய்யவில்லை. விளக்குகள் ஜோராக எரிந்தன. ஒரு வாரம் எரிந்த பிறகு வண்டியில் ஏறி ஸ்டார்ட்டரை அமுக்கினார். உள்ளே ஒரு முனகல்கூட இல்லை. எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன ஓய், தேர் நிலைக்கு வந்தாச்சா? வடம் பிடிக்க ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

அந்த வாரம்தான் அடையாற்றிலிருந்து சேதி வந்திருந்தது. சித்தியின் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. மூத்த பிள்ளை வந்து, வருகிற சனிக்கிழமை அவளைக் கோயம்புத்தூருக்குத் தன்னோடு அழைத்துப்போகப் போகிறான். பார்வை அடியோடு போவதற்குள் அம்மா தன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது சித்திக்கு. வெள்ளிக்கிழமைக்கு மேல் நாள் இல்லை.

சித்தப்பா கம்பிகளை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். விளக்குகள் எரிந்தன, பாட்டரி அப்படியே கிடந்தது. மவுண்ட் ரோடில் சார்ஜ் செய்து தரும் கடையில் கேட்டோம். முன்னால் வந்த பாட்டரிகள் வரிசையில் இருக்கின்றன, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் சித்தப்பா டம்ளரை எடுத்தார். உப்பைக் கரைத்து இரண்டு நுனிகளையும் விட்டார். குனிந்து பார்த்தவர், உப்பு அதிகம் என்று சொல்லித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு கரைத்தார். மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார்.

உப்பு ஜாடியைத் தேடிக்கொண்டு கோலை ஊன்றி வந்த சித்தி டம்ளரைப் பார்த்தாள். "அந்தாத்துல ஒரு பக்கம்தானே பொங்கும்? இங்க ரெண்டு பக்கமும் சமமாப் பொங்கறதே" என்றாள்.

சித்தப்பா டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மின்சார ஆபீஸுக்குப் போனார். திரும்பி வரும்போதே தெருவிலிருந்து பேசிக்கொண்டு வந்தார். மயிலாப்பூரில் எங்கள் பழைய தெருவுக்கு வந்தது டி.சி. ஒரே திசையில் போகும். இங்கே புதிதாகப் போட்டிருப்பது ஏ.சி. கண்ணிமைக்கும் நேரத்தில் பல தடவை திசை மாறும். விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான். பாட்டரிக்கு அப்படி இல்லை.

"அப்போ உள்ளே போனதையெல்லாம் மறு க்ஷணமே வெளியே இழுத்துண்டுட்டதா?" என்று சித்தி கேட்டாள்.

"அதேதான்."

"நன்னாருக்கு. உங்க அக்கா பட்சணம் அனுப்பிட்டுத் திரும்ப வாங்கிண்டு போற மாதிரி."

விளக்கு எரிகிறதா என்பதைத் தவிர அந்த வீட்டில் நாங்கள் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. செய்தியைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

திசையை ஒழுங்குபண்ணித் தரும் கருவி பம்பாயிலிருந்து வரவேண்டும். எனவே சித்தப்பா பாட்டரியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு ஜட்காவில் மயிலாப்பூர்ப் பழைய வீட்டுக்கே போனார். தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் அங்கே குடும்பத்தோடு குடிவந்திருந்தார். வீட்டில் உருது பேசுகிறவர்கள்.

"வாங்க வக்கீல் சார். லைட்டுதானே? எரியட்டும். எங்க பொண்ணுங்க சரிகை வேலை பண்றாங்க, வெளிச்சம் பத்தலேன்னு சண்டை" என்றார் அவர்.

வராந்தாவில் பலகை எரிய ஆரம்பித்ததும் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டரியை எடுத்துவரப் போனேன். பாட்டரியில் திராவகம் இருப்பதால் பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஜட்காவில் கொண்டுபோனபோதே குலுக்கலில் கொஞ்சம் சிந்தியிருந்தது. மெதுவாகக் கொண்டுவர ஒரே வண்டிதான் இருந்தது. ரிக்ஷாவின் ஆசனத்தில் பாட்டரியை உட்காரவைத்து, நான் பக்கத்தில் நடந்தேன். இழுத்தவருக்கு அது ஒரே வேடிக்கை.

"இன்னா சாமி, பொட்டி சவாரி போவுது, நீ நடந்துகினு வர்றே! பொட்டிக்கு கால் வலியா?"

"அது மோட்டாருக்குப் போற பொட்டி."

"மோட்டாரை நான் இழுக்கிறேனா? இதைப் போய் ஊர்ல சொல்லணும்."

நான் கிளம்பியபோது பாய் பாட்டரியைத்தான் திருப்பிக் கொடுத்திருந்தார். பலகையை மட்டும் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். பாட்டரி இருந்த இடத்தில் கம்பிகளை முறுக்கிச் சேர்த்தால் விளக்குகள் எரியும். எங்களுக்கும் இனி அந்தப் பலகையால் பயன் இல்லை.

வீட்டில் சித்தி புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். சித்தப்பா பாட்டரியை வண்டியில் வைத்துக் கம்பிகளை முறுக்கினார். ஸ்டார்ட்டரை அமுக்கினார். இரண்டு தடவை கனைத்துவிட்டு என்ஜின் ஓட ஆரம்பித்தது. வேலிக்கு அப்பாலிருந்து பென்ஷன்காரர் கை தட்டினார். சித்தி கதவருகே வந்து, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு நின்றாள்.

"பாட்டரி எதுல வந்தது?" என்று என்னைக் கேட்டாள்.

சித்தப்பா எனக்குக் கண் காட்டினார். ரிக்ஷா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. இழுத்தவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசல் பக்கம் கை காட்டினேன்.

சித்தி காலைப் படியிலிருந்து எடுத்தாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா அதை அணைக்கவும் பயந்தார், பேசவும் பயந்தார். சித்தி வாசலையே பார்த்தாள். பிறகு ரிக்ஷாக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏம்ப்பா, உனக்கு இப்போ சவாரி இருக்கா?"

"இல்லம்மா. எங்க போவணும்?"

"அடையாறு. ஆனா நீ இழுக்க வேண்டாம். உன் வண்டியை உள்ளே கொட்டகையில விடு. முன்னாடி ஏறி உக்காரு. சாயங்காலம் இங்கேயே கொண்டுவந்து விட்டுடறோம்."

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி சித்தப்பாவைப் பார்த்தார். "அம்மா தமாஷ் பண்றாங்களா?"

"அவ தமாஷ் பண்ணமாட்டா. சீக்கிரம் ஏறுப்பா, இது நின்னுடப் போறது" என்றார் சித்தப்பா.

மோட்டார் இருந்த இடத்தில் ரிக்ஷாவை விட்டோம். அவர் முன்னால் உட்கார்ந்தார். நானும் சித்தியும் பின்னால். சாந்தோம் தாண்டும் வரை அவர் கால்கள் இரண்டும் தரையை அமுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். அடையாற்றுப் பாலத்தின் ஏற்றம் வந்ததும் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்தார்.

சித்தியின் அம்மா கூடத்தில் ஜன்னலுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி குனிந்ததும் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இளைச்சிருக்கே" என்றாள். பிறகு, "இன்னிக்கு எத்தனை பேர் தள்ளினா?" என்றாள்.

"யாரும் தள்ளலைம்மா. ஒருத்தர்தான் இழுத்தார். அவரும் வண்டியிலேயே வந்திருக்கார்."

"அவருக்கும் சேர்த்துக் காபி போடச் சொல்லு" என்றாள் அம்மா, கையை எடுக்காமலே.