அக்கா எழுதியது

என் சித்தி கடல் தாண்டிப் போய் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே நம் பெண்கள் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊர்க்கார மேனேஜர் அதை ஏதோ பதவிப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிழைக்க வந்த பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் புத்தகம் ஒன்றை அங்குள்ள நூலகம் போட்டது. சித்திக்கு வாய் சும்மா இருக்காது. கை அதற்கும் மேல். ‘இங்கே இஸ்திரி மேஜைக்குக்கூட ஓய்வு உண்டு, வேலை முடிந்ததும் மடித்துச் சாத்திவிடுவார்கள். எங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் இல்லை’ என்று எழுதி, கீழே ‘அக்கா’ என்று மட்டும் போட்டாள். அவள் மகள் அதை அந்த ஊர் மொழியில் மாற்றிக் கொடுத்தாள்.

ஊரெல்லாம் அதே பேச்சானது. மேனேஜர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“யாரு இந்த அக்கா?”

சித்தி வாய் திறப்பதற்குள், ஈரத்துணியும் கையுமாக நின்ற அத்தனை பேரும் “நான்தான்” என்றார்கள். மனுஷன் முழித்த முழியை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். யாரையென்று வேலையை விட்டு அனுப்புவார்? அந்த வாரமே ஸ்டூல்கள் வந்து இறங்கின.

பிறகு ஒருநாள் மேனேஜர், எழுதியது யாரென்று தெரியாமலே, எதிர்ப்பட்ட சித்தியிடம் பவ்யமாகக் கேட்டார்.

“அக்கா, அடுத்து எதைப் பத்தி எழுதப் போறீங்க?”

“தாழ்ப்பாள் இல்லாத நம்ம கக்கூஸைப் பத்தி.”

மறுநாளே புதுத் தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. சித்திக்கு ஒரே எரிச்சல்.

“படுபாவி, ஒரு வரிகூட எழுத விடலையே!”