சிவப்புக்கு ஒரு மூலச்சொல்

அப்போது நான் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்துவிடுவேன். மனைவி வாய் திறந்தால் கையை உயர்த்துவேன். நிறுத்திக்கொள்வாள். போகப் போகக் காப்பி டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிவிட்டாள். பிள்ளை இல்லாத வீடு வேறு. அவள் பேசாமலிருந்ததைப் பொறுமை என்று நினைத்துக்கொண்ட மடையன் நான்.

மேசையில் நடந்தது இதுதான். சமஸ்கிருதத்தில் சிவப்புக்கு ருதிர என்று ஒரு சொல். நம் உதிரம் அதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ரூபெர், கிரேக்கத்தில் எருத்ரோஸ், இங்கிலீஷில் ரெட். இத்தனையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் பெற்றவள் எப்படி இருந்திருப்பாள்? பாளையங்கோட்டையில் பழைய அகராதிகளை வாங்கிவந்தேன். கேள்வித்தாள்களின் பின்பக்கத்தை வெட்டி, சொல்லுக்கு ஒரு துண்டாக எழுதினேன். சமஸ்கிருதத்துத் 'த' லத்தீனில் 'ப' ஆகிற இடங்களைப் பிடிக்கவே நாலு வருஷம். கிரேக்கச் சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த 'எ' இன்னொரு மூன்று வருஷத்தைத் தின்றது. கடைசியில் 'ருத்ரோ' என்று ஒரு மூலச்சொல் எழுந்து நின்றது. எவரும் காதால் கேட்காத சொல் என்பதால் அதைப் பென்சிலால்தான் எழுதுவேன். யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்து ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

பதினோராவது வருஷம் குற்றாலச் சாரலுக்குச் சென்னையிலிருந்து ஒரு மொழிநூல் பேராசிரியர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்கு ஓடினேன். மனிதர் இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெயாக நின்றார். கையிலும் எண்ணெய் என்பதால் காகிதத் துண்டுகளை நானே ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பத்தாவது துண்டில் அவர் முகம் மாறியது. இரக்கப்படுகிறார் என்று தெரிந்தது.

"சார், இதெல்லாம் நாம பிறக்கறதுக்கு முன்னாலேயே ஜெர்மன்காரங்க எழுதி முடிச்சிட்டாங்களே. எங்க காலேஜ் பையன்களுக்கு முதல் வருஷமே இந்தச் சொல்லைத்தான் சொல்லித்தரோம். ஆனா நீங்க எழுதினது எல்லாம் சரிதான்."

சரிதான் என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தப்பாக இருந்தாலாவது அது என்னுடையதாக இருந்திருக்கும். யாருக்காவது ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்பம் இத்தனை வருசமும் நான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தது எதுக்கு?"

வெட்கத்தை விட்டு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் மேசைப் பக்கம் போகவில்லை. அடுப்படியில் அவள் அருகே மணை போட்டு உட்கார்ந்தேன். "இனிமே நீ பேசு, நான் கேக்கேன்" என்றேன்.

கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நிஜமாகவே எதையோ தேடிப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரமாட்டேங்குதே" என்றாள்.