நூலில் செய்த கால்

ரயில்வே மேம்பாலங்களை வடிவமைக்கிற புண்ணியவான்கள் எல்லோருக்கும் இரண்டு காலும் நன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை படி வைக்க மனசு வந்திருக்காது. 1999 ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஊரப்பாக்கத்தில் அந்தப் படிகளை என் இரும்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் 'டங்' என்று ஒரு சத்தம். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு வழிவிடுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். அன்றைக்கு வரவில்லை. அந்தக் காலோடு நான் போகிற கடைசிப் பயணம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. முழங்கால் கனம் தாங்காமல் மடங்கிவிடும். அதற்காகக் காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் தோல் பட்டை, கீழே கம்பியோடு சேர்த்து அறைந்த தோல் பூட்ஸ். காலிப்பர் என்பார்கள். இடது கால் கொஞ்சம் குட்டை என்பதால் அந்தப் பூட்ஸுக்கு அடியில் கட்டை வைத்து ஒரு அங்குலம் உயர்த்தியிருக்கும். இதைப் போட்டுக்கொண்டுதான் கூடுவாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் நிமிர்ந்துதான் நிற்பேன். ஆனால் நம் ஊரில் வாசல் என்று ஒன்று இருக்கிறதே! பூட்ஸோடு எந்த வீட்டுக்குள் போக முடியும், எந்தக் கோயிலுக்குள் போக முடியும்? பூட்ஸைக் கழற்றினால் கம்பியும் கூடவே போய்விடும். அப்புறம் இடது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்த நடைதான். சொந்த வீட்டிலும் அப்படித்தான்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது டாக்டர் சொன்னது. "இந்தக் கனத்தை இழுத்து இழுத்து இடுப்பு தேய்ஞ்சு போச்சும்மா. இப்படியே போனா இன்னும் சில வருஷம்தான் நிப்பீங்க. அப்புறம் சக்கர நாற்காலிதான்" என்று அவர் கூசாமல் சொன்ன அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. என் வகுப்பு மாடியில் இருக்கிறது. நின்றால்தான் வேலை.

என் கணவர் சேகர் வடசென்னையில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டர். அவர்தான் எங்கேயோ விசாரித்து, திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் கார்பன் இழையில் காலிப்பர் செய்கிற ஒரு சின்னப் பட்டறையைக் கண்டுபிடித்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தோம். இது போட்டுப் பார்க்கிற பயணம்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கிப் போனதும் பெட்டி அமைதியாயிற்று. பரனூரைத் தாண்டியதும் ஜன்னல் முழுக்கக் கொளவாய் ஏரி. சேகர் அதைப் பார்க்காமல் கச்சா எண்ணெயைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இந்தக் கதைதான். எந்தச் சூட்டில் பெட்ரோல் பிரியும், எந்தச் சூட்டில் டீசல் பிரியும், கடைசியில் அடியில் தங்குவது எப்படித் தாராகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் ஒப்பிப்பேன்.

"அந்தக் கார்பன் நூலும் எண்ணெயில இருந்துதான் வருதாம், வசந்தி."

"எல்லாமே உங்க எண்ணெயில இருந்துதான் வருது. இட்லி மட்டும்தான் பாக்கி" என்றேன்.

செங்கல்பட்டில் காப்பி குடித்துவிட்டு, மாமல்லபுரம் போகிற பேருந்தில் ஏறினோம். திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். அதைத் தாண்டி இன்னும் நான்கு கிலோமீட்டரில் நாங்கள் இறங்க வேண்டும். காலிப்பரின் பூட்டைத் திறந்தால்தான் முழங்கால் மடங்கும். அதைத் திறக்க வசதியில்லாத ஓர ஸீட். என் கால் நீட்டினபடி நடைபாதையில் கிடந்தது.

"யம்மா, கால கொஞ்சம் உள்ள இஸ்துக்கோம்மா, ஏர்றவன் தடுக்கி வுழுந்துடுவான்" என்றார் கண்டக்டர்.

"இது இழுத்தா வர்ற கால் இல்லீங்க."

அவர் குனிந்து பார்த்தார். "அட, கம்பியா கீது! சரி சரி, நீ குந்து. ஏய், பாத்து வாங்கப்பா, அங்க கம்பி கீது!" என்று பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். நல்ல மனுஷர்தான். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஒன்பது மணிக்குப் பட்டறை வந்து சேர்ந்தோம். பெரிய இடமாகக் கற்பனை பண்ண வேண்டாம். சவுக்குத் தோப்புக்கு நடுவில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு நீளக் கொட்டகை. அங்கே வேலை செய்கிறவர்கள் இரண்டே பேர். முதலாளி மோகன், முன்பு எங்கேயோ விமான பாகங்கள் செய்த இன்ஜினீயர். இன்னொருவர் ஏழுமலை, கோவளம் பக்கத்தில் ஃபைபர் படகு செய்துகொண்டிருந்தவர். அச்சு எடுக்கிற அறையில் ஓர் அலமாரி நிறைய சாமி படம். ஊதுபத்தி வாசனையோடு பிசின் வாசனையும் கலந்து அடிக்கும். அந்த அறைக்குள் யாரும் செருப்புக் காலோடு போவதில்லை. போன தடவை வந்தபோதும் யாரும் சொல்லாமலே என் பூட்ஸைப் படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மேஜைமேல் என் கால் நின்றுகொண்டிருந்தது.

புதுக் கால் அல்ல. போன தடவை ஏழுமலை என் காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, அதைப் பிளந்தெடுத்து, உள்ளே சுண்ணாம்புக் கலவை ஊற்றி எடுத்த அச்சு. வெள்ளை வெளேரென்று, சூம்பின ஆடுசதையும் ஒருக்களித்த கணுக்காலும் அப்படியே. முப்பத்தைந்து வருஷமாகப் பாவாடைக்குள்ளும் புடவைக்குள்ளும் ஒளித்து வைத்ததை நட்டநடு மேஜையில் வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மோகன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ, பேச்சை மாற்றி மூன்று நூல்கண்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு.

"மேடம் சயின்ஸ் டீச்சராச்சே, இதைப் பாருங்க. வெள்ளை நூல் அக்ரிலிக். ஸ்வெட்டர் பின்னுவாங்களே, அந்த ஜாதி. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வர்ற ஒரு வாயுவை அம்மோனியாவோட சேர்த்து, அதுல இருந்து இந்த நூலை எடுப்பாங்க."

"ப்ரொப்பிலீன்!" என்று சேகர் குதித்தார். "எங்க ப்ளாண்ட்ல வர்றதுதான் சார். வேண்டாம்னா சிம்னி மேல கொளுத்தி விட்டுருவோம்."

"அதேதான். அந்த வெள்ளை நூலைக் காத்துல சூடு பண்ணினா பழுப்பாகும். அப்புறம் காத்தே இல்லாத சூளையில, ஆயிரம் டிகிரிக்கு மேல. ஆக்ஸிஜன் இல்லாததால எரிய முடியாது. மத்ததெல்லாம் ஓடிப்போய்க் கார்பன் மட்டும் நிக்கும். ஆனா சூடு ஏறும்போது நூல் சுருங்கப் பார்க்கும், சுருங்க விடக்கூடாது. விறைப்பா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சுடணும். அப்பதான் உள்ளே இருக்கிற கார்பன் எல்லாம் ஒரே திசையில வரிசையா நிக்கும். அந்த வரிசைதான் பலம். நாங்க இங்க நூல் செய்யறதில்லை, துணியா நெய்து வெளிநாட்டுல இருந்து வருது."

கறுப்பு இழை ஒன்றைப் பிரித்து விரலில் வைத்துப் பார்த்தேன். என் தலைமுடியைவிட மெலிசு. கரிதான்! அடுப்புக்கரி, பென்சில் முனை, தோசைக்கல்லில் ஒட்டின கரி என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற அதே கார்பன். கடலுக்கும் மண்ணுக்கும் அடியில் எத்தனையோ யுகமாகக் கிடந்த எண்ணெய், காய்ந்து, ஆவியாகி, நூலாகி, நெருப்புக்குள் போயும் எரியாமல் வந்து என் விரலில் கிடக்கிறது. யாருக்கய்யா தோன்றிற்று இதையெல்லாம்? இழுத்துப் பிடித்துச் சுட்டால் கரி இரும்பை ஜெயிக்கும் என்று எந்த மகாராசன் முதலில் யோசித்தான்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் இந்த மனுஷர் கண் கலங்கி நின்றார், தன் ஆலையின் வாயுவைப் பார்த்து.

பிறகு புதுக் காலை எடுத்து வந்தார்கள். கறுப்பாக, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று. தொடையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் என் காலின் வடிவம், முழங்காலில் மட்டும் ஒரு சின்ன உலோகப் பூட்டு, நைலான் பட்டைகள். ஏழுமலை தராசைக் கொண்டு வந்தார். பழையது இரண்டரை கிலோ. புதியது எண்ணூறு கிராம்கூட இல்லை.

"பூட்ஸோட போட்டுப் பாருங்க. வெளியில நடக்கணும் இல்லையா?" என்றார் மோகன். படிக்கு வெளியே நாற்காலி போட்டு, பழைய பூட்ஸிலிருந்து கம்பியை நெம்பிக் கழற்றி, புதுக் காலை அதற்குள் நுழைத்துக் கட்டினார்கள். எழுந்தேன். இடது பக்கம் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் சரிந்தேன். சேகர் பிடிக்காவிட்டால் சவுக்கு வேரில் மண்டை உடைந்திருக்கும்.

"இன்னாக்கா இப்டி சாயுறே?" என்று ஏழுமலை ஓடி வந்தார். மறுபடி எழுந்தேன். மறுபடி சரிந்தேன்.

மோகன் மண்டியிட்டு அளந்தார். பூட்ஸின் அடியைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

"ஏழுமலை, அன்னைக்கு மேடத்துக்கு அளவெடுத்தப்போ பூட்ஸ் எங்கே இருந்துச்சு?"

"படியாண்ட சார். சாமி ரூம்புல எப்டி சார் கொண்டார்றது? வெறுங்கால்லதான் நிக்க வெச்சேன். குட்டையா இருந்துச்சா, அடியில பலகை வெச்சு சமம் பண்ணி, அந்த ஒயரத்த உள்ளங்கால்லயே ஏத்திட்டோமே. நீங்களும் கூடத்தானே சார் இருந்தீங்க?"

ஆமாம், எல்லோரும்தான் இருந்தோம். பூட்ஸில் ஏற்கெனவே ஒரு அங்குலக் கட்டை. புதுக் காலிலும் ஒரு அங்குலம். இரட்டை உயரம். விமானத்துக்குப் பாகம் செய்த இன்ஜினீயருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துப் பழகின எனக்கும் தோன்றவில்லை.

"கட்டையை எடுத்தா பூட்ஸே பிரிஞ்சுடும். வேற கால் செய்யத் துணி ரோலும் தீர்ந்து போச்சு மேடம். அடுத்தது கப்பல்ல வரணும். ரெண்டு மூணு மாசம் ஆகலாம். மன்னிச்சுக்கோங்க" என்றார் மோகன். அந்த இரண்டரை கிலோ இரும்பு தரையில் கிடந்தது. மறுபடி அதில் காலை விட வேண்டும்.

ஆத்திரத்தோடு பூட்ஸை உதறிக் கழற்றினேன். அந்தக் கறுப்புக் காலை அவிழ்க்கத் தோன்றவில்லை. வலது காலின் செருப்பையும் விட்டெறிந்துவிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தேன்.

நேராக நின்றேன்.

இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டம். ஓர் அடி வைத்தேன். சத்தமே இல்லை. இன்னோர் அடி. கால் லேசாக, கேட்ட இடத்துக்கு வந்தது. படியில் ஏறினேன். யாரையும் கேட்காமல் அந்தச் சாமி அறைக்குள் நடந்து போய், நடுவில் நின்று, திரும்பிப் பார்த்தேன். மூன்று ஆண்களும் வாசலிலேயே நின்றார்கள்.

"வசந்தி, உள்ளே நிக்கிறே" என்றார் சேகர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இதை மாத்த வேண்டாம் சார்" என்றேன் மோகனிடம். "யாரும் தொடவே கூடாது. இப்படியே குடுங்க."

வெளியில் போட ஒரே மட்டமான இரண்டு ரப்பர் செருப்பு போதும் என்றார் மோகன். இடதுக்கு மட்டும் பின்பட்டை வைத்துத் தைக்க வேண்டும். ஏழுமலை சைக்கிளில் போய் வாங்கி வந்து, கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாருக்கும் பசிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பத்தான் பேருந்துக்கு நின்றோம். எதிர்ப்பக்கம் மாமல்லபுரம் வண்டி வந்தது. நான் கையைக் காட்டினேன். "இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, வாங்க" என்றேன். சேகர் பழைய காலைச் சாக்குப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது இரண்டரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. கல் கொத்துகிற சத்தம் எல்லாத் தெருவிலும் கேட்டது. சிற்பங்களைப் பார்க்க எத்தனையோ தடவை பள்ளிப் பிள்ளைகளோடு வந்திருக்கிறேன். மணலில் நடக்க முடியாமல் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருப்பேன். இன்றைக்கும் நான் சிற்பம் பார்க்க வரவில்லை. ஊர் நடுவிலிருக்கிற பெருமாள் கோயில் நடை திறப்பதற்காகக் காத்திருந்தேன்.

நாலு மணிக்குத் திறந்தார்கள். செருப்பை வாசலில் விட்டேன். வாசலில் இருந்த காவலாளி என் காலைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார்.

"யம்மா, அது இன்னாது கால்ல? தோலா? தோல்லாம் உள்ள வுட மாட்டாங்க."

"தோல் இல்லீங்க. நூல்."

"நூலா?" குனிந்து விரலால் சுண்டிப் பார்த்தார். "இன்னா நூலு, கல்லு மாதிரி கீது!"

"பெட்ரோல்ல இருந்து எடுத்த நூல்ணே" என்று சேகர் ஆரம்பித்தார். விட்டால் ஆலையை முழுக்கச் சுற்றிக் காட்டியிருப்பார்.

"பெட்ரோலோ இன்னாவோ, தோலு இல்லல்ல? போம்மா. பாத்துப் போ, தண்ணி ஊத்திக் கழுவிக்கீது."

கல்தரை குளிர்ந்திருந்தது. வலது பாதத்துக்கு அது தெரிந்தது, இடது பாதத்துக்குத் தெரியவில்லை. மெதுவாகத்தான் நடந்தேன். முன்னால் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்து ஒதுங்கவில்லை. அவர்களுக்கு ஒதுங்கக் காரணம் தெரியவில்லை. கூட்டத்தில் யாருடைய முழங்கையோ என்னை இடித்தது. திட்டவேண்டும் என்றே தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்தக் கோயில் பெருமாளுக்குப் பாம்பணை கிடையாது. வெறுந்தரையில் படுத்திருப்பார். அர்ச்சகர் கற்பூரத்தைக் காட்டிவிட்டு எங்கள் பக்கம் வந்தார். எந்தக் கோயிலிலும் என்னைப் பார்த்ததும் எல்லோரும் சொல்கிற 'பாவம், பகவான் பார்த்துப்பார்' என்பதைச் சொல்லப்போகிறார் என்று வாயைப் பார்த்தேன். அவர் என் காலைக் கவனிக்கவே இல்லை. தீர்த்தத்தை நீட்டினார். வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து வாங்கிக் குடித்தேன். முழங்காலை எந்தக் கையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அது தானாக நின்றது.

இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பெருமாள் படுத்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.